தண்ணீர் ஏன் இறங்கவில்லை?

(பெங்களூரில், தமிழ் பேசும் தொழிலாளர்களின் மாலை வகுப்பில் ஒரு மெக்கானிக் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை இது. மைக் பிடித்தால் கொஞ்சம் நடுங்குகிறது. டீச்சர் கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். "நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டு வேலை செய்கிறார்கள். தினமும் வாஷிங் மெஷினைத் தொடுகிறார்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள்.

முதலில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு வீட்டில் வேலை. ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடி இருந்தது.

"தம்பி, அந்த வீட்டு மெஷின்ல தண்ணி இறங்கல. நான் துணிய அதிகமாப் போட்டு கெடுத்துட்டேனாம். மேடம் சொல்றாங்க. மெக்கானிக் வந்தா 1,500 ரூபா ஆகுமாம். அத என் சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

அவருக்கு அந்த வீட்டில் மாதம் 4,000 ரூபாய். அதில் 1,500 போனால் என்ன மிஞ்சும்? அந்த மாதம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும்.

"அக்கா, நீங்க துணிய அதிகமாப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போடற மாதிரிதான் போட்டேன்."

மறுநாள் காலை அவரோடு போனேன். சமையலறைக்குப் பின்னால் யுடிலிட்டியில் மெஷின் நின்றது. இரண்டு டப் உள்ள மெஷின். துவைக்கும் டப் நிறைய சோப்புத் தண்ணீர். நான் மெஷினைத் திறக்கவே இல்லை. சுற்றிப் பார்த்தேன். அந்த வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மெஷினை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வெளியே போகும் ஓஸ் தரையில் கிடக்க வேண்டும். அதைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் சிங்க்கில் போட்டுவிட்டார்கள். யாரோ தரை நனையக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்த வேலை.

ஓஸை எடுத்துத் தரையில் போட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. சில நிமிடத்தில் டப் காலி.

கோளாறு அவ்வளவுதான். மெஷினில் ஒரு திருகாணிகூடக் கெடவில்லை.

இது ஏன் என்று சொல்கிறேன். இங்கே கட்டட வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். கொத்தனார் மட்டம் எப்படிப் பார்க்கிறார்? ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில், அதாவது பிளாஸ்டிக் டியூபில், தண்ணீர் ஊற்றுகிறார். ஒரு முனையை இந்தச் சுவரில் பிடிக்கிறார். இன்னொரு முனையை அந்தச் சுவரில் பிடிக்கிறார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதற்கு மேலே ஏறாது.

இரண்டு டப் மெஷினும் அதே கணக்குதான். அதற்குள் தண்ணீரை இறைக்கும் பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையால் தானே கீழே இறங்க வேண்டும். ஓஸின் வாயை மேலே தூக்கி வைத்தால், டப்பில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறதோ, ஓஸிலும் அவ்வளவு உயரம் வரை ஏறி நின்றுவிடும். சிங்க்கின் விளிம்பு டப்பின் தண்ணீரைவிட உயரம். பிறகு எப்படிப் போகும்?

சிலர் ஓஸைத் தரையில்தான் போடுவார்கள். ஆனால் நடுவில் ஒரு வாசற்படி இருக்கும். படியைத் தாண்டி ஏற்றி அந்தப் பக்கம் விடுவார்கள். அப்போது பாதித் தண்ணீர் போகும், மீதி டப்பின் அடியில் நிற்கும். வேறு சிலர் ஓஸின் நுனியை ஒரு வாளிக்குள் அமுக்கி வைப்பார்கள். வாளி நிறைந்ததும் தண்ணீர் மெதுவாகிவிடும். மெஷினை நகர்த்திப் பெருக்கும்போது ஓஸ் மடங்கிப் போகும். இவையெல்லாம் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடியவை. நான் போகும் வீடுகளில் இப்படிப்பட்டவையே நிறைய.

சரி, ஓஸ் ஒழுங்காகத் தரையில் கிடக்கிறது. மடங்கவும் இல்லை. அப்போதும் தண்ணீர் இறங்கவில்லை. என்ன செய்வது?

பொறுங்கள். கை வைப்பதற்கு முன்னால் ஒன்று. சுவிட்சை அணையுங்கள். அது மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மெஷின் மேலே உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். சுவிட்சை அணைத்தாலும் சில வீடுகளில் வயரை மாற்றி இணைத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருக்கும், மெஷினில் கரண்ட் இருக்கும். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரத் தரை, வெறுங்கால், சோப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் தப்பிப்பது கடினம். ஒரு தடவை எனக்கே அடித்திருக்கிறது. செருப்பு போட்டிருந்தேன், பிழைத்தேன். அந்த வீட்டில் பிளக்கில் இருந்த பெரிய பின்னை ஒடித்துவிட்டு, இரண்டு பின் உள்ள ஓட்டையில் செருகி இருந்தார்கள்.

அந்தப் பெரிய பின் எதற்கு? அதுதான் எர்த். மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பின் இல்லாவிட்டால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். நீங்கள் வேலை செய்யும் வீட்டில் மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறதா? கூச்சப்படாதீர்கள். "மேடம், மெஷின்ல ஷாக் அடிக்குது. எலெக்ட்ரீஷியன் பாக்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்" என்று சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு தொட வேண்டாம்.

இப்போது மெஷினுக்குள் போகலாம்.

மெஷின் மேலே ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் துவைக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் தண்ணீர் போகும். அந்த இடத்தில் 'டிரெயின்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்தத் திருகுக்குக் கீழே ஒரு பட்டை தொங்குகிறது. பட்டையின் முனையில் ரப்பர் அடைப்பான், அதாவது வால்வு. டப்பின் அடியில் ஒரு சின்ன டப்பா மாதிரி இருக்கும். அதற்குள் இந்த ரப்பர் உட்கார்ந்து வழியை மூடிக்கொண்டிருக்கும். ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். திருகைத் திருப்பினால் பட்டை ரப்பரை மேலே இழுக்கும். வழி திறக்கும். கிணற்றில் வாளியைக் கயிறு இழுப்பது மாதிரிதான்.

ஆகவே திருகைத் திருப்பும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, எதையோ இழுப்பது மாதிரி இருந்தால் பட்டை நன்றாக இருக்கிறது. லொடலொடவென்று சுற்றினால் பட்டை அறுந்திருக்கும், அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். கழன்றிருந்தால் மாட்டிவிட்டால் போதும். அறுந்திருந்தால் புதுப் பட்டை வேண்டும். சின்ன பிளாஸ்டிக் துண்டு, விலை அதிகம் இல்லை. சிலர் கம்பியால் கட்டிவிடுவார்கள். நான் செய்ய மாட்டேன். கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை படியும்.

திருகு இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் வரவில்லை. அப்போது அடைப்பு. எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டப்பில் உள்ள தண்ணீரை மக்கால் மொண்டு வாளியில் ஊற்றுங்கள். முதலில் ஓஸைப் பாருங்கள். மெஷினில் இணைந்திருக்கும் இடத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதைத் தளர்த்தினால் ஓஸ் கையோடு வரும். அதில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தப் பக்கம் அப்படியே வந்தால் ஓஸ் சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தால் அழுக்கு அங்கேதான். குழாயில் செருகித் தண்ணீரை வேகமாக விட்டால் நூல், பஞ்சு, சோப்புக் கட்டி எல்லாம் வெளியே வரும்.

ஓஸ் சுத்தமாக இருந்தால் அந்த வால்வு டப்பாவைப் பார்க்க வேண்டும். சில மெஷினில் பின்பக்க மூடியைத் திறந்தால் தெரியும். சிலவற்றில் டப்பின் உள்ளே ஓரமாக ஒரு ஜன்னல் மாதிரி பிளாஸ்டிக் தட்டு இருக்கும். பஞ்சு பிடிக்கும் தட்டு. அதைக் கழற்றினால் பின்னால் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கும் ரப்பரும் வரும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று கவனியுங்கள். எடுத்த வரிசையில் ஒரு துணிமேல் வையுங்கள். உங்கள் நோட்டில் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. நான் வேலை கற்ற காலத்தில் எழுதி வைக்காமல் விட்டு, கடைசியில் ஒரு வாஷர் கையில் மிஞ்சி முழித்திருக்கிறேன்.

டப்பாவுக்குள் என்னவெல்லாம் கிடைக்கும் தெரியுமா? ஹேர்பின். ஊக்கு. சட்டைப் பொத்தான். ஒரு ரூபாய் நாணயம். குழந்தையின் சாக்ஸ். உள்பாடிக் கம்பி. ஒரு வீட்டில் மூக்குத்தித் திருகு கிடைத்தது. அந்த வீட்டில் அதற்காக வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக் கையில் கொடுத்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால், மெஷினில் துணி போடும் முன் பைகளைத் தடவிப் பாருங்கள். கிடைத்த பொருளை உடனே வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீர். காவிரித் தண்ணீர் இங்கே 1974-லிருந்து வருகிறது. ஆனால் ஊர் வேகமாக வளர்ந்துவிட்டது. ஓரப் பகுதிகளில் பல வீடுகளுக்கு போர்வெல்லும் டாங்கரும்தான். போர்வெல் தண்ணீர் பல இடத்தில் உப்பாக இருக்கிறது. டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு மெஷினுக்குள்ளும் படியும். உப்புத் தண்ணீரில் நுரை வராது. நுரை வரவில்லையே என்று பவுடரை இன்னும் கொட்டுவோம். பவுடர் கரையாமல் அழுக்கோடும் பஞ்சோடும் சேர்ந்து களி மாதிரி ஆகும். அந்தக் களி வால்வு டப்பாவில் அடைத்துக்கொள்ளும்.

கழற்றிய ரப்பரையும் டப்பா மூடியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். பழைய பல் பிரஷால் தேய்த்தால் வெள்ளை போய்விடும். ஒரு எச்சரிக்கை. எலுமிச்சை உப்போடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் தண்ணீரையோ சேர்க்காதீர்கள். அதிலிருந்து குளோரின் என்ற விஷ வாயு வரும். யுடிலிட்டி மாதிரிச் சின்ன இடத்தில் மூச்சு முட்டும்.

டிரையர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரையர் உறுமுகிறது, ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது. எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர். இது ஏன்? டிரையர் தண்ணீரும் அதே டப்பா வழியாகத்தான் வெளியே போகிறது. அங்கே அடைத்தால் இங்கே தேங்கும். சுற்றும் கூடை தண்ணீருக்குள் சுற்றும். மோட்டார் சூடாகும். உடனே நிறுத்துங்கள். டிரையர் சுற்றும்போது துவைக்கும் டப்பின் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள். அது டிரையருக்குள் ஏறி வரும். துணி மேலே வைக்க ஒரு வட்டமான பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருப்பார்கள். அதை யாரும் வைப்பதில்லை. வைக்காவிட்டால் கைக்குட்டை, சாக்ஸ் எல்லாம் கூடைக்கு வெளியே விழுந்து அடியில் போய் வழியை மூடும். மூடியைத் திறந்ததும் கூடை நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் கெட்டுவிட்டது. அதில் கை விடாதீர்கள். துணி கையைச் சுற்றி இழுத்தால் விரல் போகும்.

முன்பக்கம் வட்டக் கதவு உள்ள மெஷின் வேறு சாதி. அதில் பம்பு இருக்கிறது. பம்பு தண்ணீரை மேலே தள்ளிவிடும். அதனால் அதன் ஓஸைத் தரையில் போடக் கூடாது! இடுப்பு உயரத்தில், சுமார் இரண்டு அடியிலிருந்து மூன்று அடிக்குள் மாட்ட வேண்டும். கீழே போட்டால் தண்ணீர் நிரம்ப நிரம்பத் தானாக வடிந்துகொண்டே இருக்கும். அங்கே தரையில், இங்கே உயரத்தில். இரண்டு வீட்டில் வேலை செய்கிறவர்கள் இதில் குழம்புவது இயல்பு. மேலே மூடி உள்ள ஆட்டோமேட்டிக் மெஷினில் பலவற்றுக்குப் பம்பு இல்லை. அவற்றின் ஓஸ் தரையில்தான் கிடக்க வேண்டும். சிலவற்றில் பம்பு உண்டு. மெஷினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும்.

பம்பு மெஷினில் தண்ணீர் போகாவிட்டால் சின்னத் திரையில் எழுத்து வரும். எல்.ஜி. மெஷினில் ஒரு வட்டமும், பக்கத்தில் மூன்று பல் சீப்பு மாதிரி ஒரு எழுத்தும் வரும். சாம்சங் மெஷினில் 5 என்ற எண்ணும் அதே சீப்பு எழுத்தும் வரும். சில மாடலில் சீப்புக்குப் பதில் பிறை நிலா மாதிரி எழுத்து. அதைப் பார்த்தால் அப்படியே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். மெக்கானிக்குக்குப் போனில் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த மெஷினின் முன்பக்கம் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும். உள்ளே உருண்டையான மூடி. அதுதான் பம்பின் சல்லடை. சில மெஷினில் பக்கத்திலேயே ஒரு மெல்லிய குழாய் சுருண்டிருக்கும். கீழே ஒரு தட்டையான பாத்திரம் வைத்து, குழாயின் மூடியை எடுத்தால் தண்ணீர் வடியும். பாத்திரம் நிறைந்ததும் மூடி, கொட்டிவிட்டு மறுபடி வடியுங்கள். வாளிக்கணக்கில் வரும், அவசரப்படாதீர்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். முழுவதும் வடிந்த பிறகு உருண்டை மூடியை இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி எடுங்கள். சல்லடையைக் கழுவுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் ஒரு சின்னச் சக்கரம் தெரியும். அதைக் குச்சியால் தள்ளினால் அசைய வேண்டும். அதில் நூல் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியை நன்றாக இறுக்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை வீடெல்லாம் தண்ணீர்.

இதற்குப் பிறகும் தண்ணீர் போகவில்லை, பம்பிலிருந்து சத்தமும் இல்லை என்றால் அது கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு. அங்கே நிறுத்திவிடுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக் என்றதும் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றார். பார்த்த உடனே "வால்வு போச்சு சார்" என்றேன். புது வால்வு போட்டு 600 ரூபாய் வாங்கினேன். மறுநாள் கூப்பிட்டார். அதே மாதிரிதான் போகிறதாம். போய்ப் பார்த்தால், தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடையில் முடி அடைத்திருக்கிறது. மெஷினில் ஒன்றுமே இல்லை. பழைய வால்வு நன்றாக இருந்தது. அவரிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாதிப் பணம்தான் அப்போது கையில் இருந்தது. மீதியை அடுத்த மாதம் கொடுத்தேன்.

எல்லா மெக்கானிக்கும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் கேளுங்கள். எந்தப் பொருளை மாற்றினார்? பழைய பொருள் எங்கே? பில் எங்கே? பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். ஏமாற்றினால் புகார் சொல்ல இடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்யலாம், காசு இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதன் இடத்தில் 2019-இல் புதுச் சட்டம் போட்டார்கள். பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும் இல்லை, காசு கொடுத்து ரிப்பேர் செய்துகொண்டவர்களுக்கும் அது உண்டு.

அந்த அக்கா கதையை முடிக்கவில்லையே. தண்ணீர் ஓடியதும் மேடம் வந்து பார்த்தார். "அவ்ளோதானா?" என்றார். எனக்கு 100 ரூபாய் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. "அக்கா சம்பளத்தைப் பிடிக்காதீங்க மேடம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முதல் தேதி முழுச் சம்பளமும் வந்தது. மன்னிப்பு எதுவும் வரவில்லை. அக்கா இப்போது தினமும் மெஷினைப் போடும் முன் ஓஸைப் பார்க்கிறார். யாராவது வந்து நகர்த்தினால் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறார். "இன்று குழாய்க்காரர் வந்தார். மெஷினை நகர்த்தினார்." அந்த நோட்டை எனக்குக் காட்டினார். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. விஷயம் தெளிவாக இருந்தது.

சரி, வாயால் சொன்னது போதும். பின்னால் ஒரு பழைய மெஷின் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வால்வு டப்பாவில் நானே ஒரு பொருளை அடைத்து வைத்திருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன். பிளக்கைக் கழற்றி மேலே வைத்தாயிற்று, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் இதோ இருக்கிறது. யார் முதலில் வருகிறீர்கள்?